வாய்பாடும் வாய்ஸ் மெசேஜும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தூசி புடிச்சுக் கெடந்துச்சு. எழுதறதுக்கு ஒண்ணுமில்லாம இல்லை, சோம்பல்தான். போன மாசம் நடந்த ஒரு விஷயம் எழுத வெச்சிருச்சு. கொஞ்சம் நீளமான பதிவு. டீ காபி எதாச்சும் பக்கத்துல வெச்சுக்குங்க.

பெரியம்மா பொண்ணு ஒருத்தங்க, எனக்கு அக்கா. சோமனூர்ப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில கணக்கு டீச்சரா இருந்து ஓய்வு வாங்கினவங்க. "தம்பி, போன்ல எடமே இல்லீன்னு கத்துது, வந்து என்னன்னு பாரு"ன்னு கூப்புட்டாங்க. போய்ப் பார்த்தா, எடத்தை அடைச்சுட்டு இருந்தது சினிமாவும் இல்லை, பேரன் போட்டோவும் இல்லை. முன்னூத்திச் சொச்சம் ஒலிக்கோப்புகள். எல்லாம் 2020, 2021 தேதி. "அழிச்சரட்டுமாக்கா?"ன்னேன். "அழிச்சியின்னா கையை ஒடிச்சுப்போடுவேன்"னாங்க.

கதை இதுதான். 2020 மார்ச்சுல பள்ளிக்கூடம் பூட்டினாங்க. ஒண்ணுலருந்து எட்டாவது வரைக்கும் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. நடுவுல ஒண்ணரை வருஷத்துக்கும் மேல. கல்வித் தொலைக்காட்சி 2019லயே வந்திருந்ததால பாடம் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா டிவி பேசும், புள்ளைங்க பேசாது. அக்காவுக்கு அதுதான் உறுத்தல். வகுப்புல இருந்த பாதிப் பேர் வீட்டுல நல்ல போன் கிடையாது. வீடியோ வகுப்பெல்லாம் நடக்கிற காரியமா? அதனால ஒரு வேலை கொடுத்தாங்க. ஒரு நாளைக்கு ஒரு கணக்குச் சொல். விட்டம், பகுதி, முகடு, இப்படி. அதை யாருக்காச்சும் புரியவைக்கிற மாதிரி ஒரு நிமிஷம் பேசி, வாட்ஸப்புல அனுப்பணும். புஸ்தகத்துல இருக்கற வரியைப் படிக்கக்கூடாது. போன் இல்லாத புள்ளைங்க, இருக்கற புள்ளை வீட்டுத் திண்ணையில போய் உக்காந்து பேசி அனுப்பணும். வந்ததுல நல்லதைத் திருப்பி எல்லாருக்கும் அனுப்புவாங்க.

அக்காவுக்கு பாட்காஸ்ட்னா என்னன்னு தெரியாது. நான்தான் சொன்னேன், "அக்கா, நீங்க பண்ணுனதுக்குப் பேரு அதுதான்"ன்னு. 2004ல அந்தச் சொல் பொறந்துச்சு, 2005ல ஒரு பெரிய ஆங்கில அகராதி அதை அந்த வருஷத்துச் சொல்லாவே அறிவிச்சுது, வெளிநாட்டுல வாத்தியார்கள் மாணவர்களைக் கொண்டே கணக்குச் சொற்களை விளக்கி ஒலிப்பதிவு போட வெச்சாங்க, அதைப் பத்திக் கட்டுரையெல்லாம் எழுதினாங்கன்னு பெருசா பீத்திக்கிட்டேன். அக்கா ஒரே வார்த்தையில அடக்கிட்டாங்க. "இதென்னடா புதுசு, நம்ம அப்பாரு காலத்துல கத்திக் கத்திப் படிச்சதுதானே?"

அங்கிருந்துதான் எனக்குப் பொறி தட்டுச்சு.

வாய்பாடுங்கற சொல்லைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. மொதல்லயே வாய் இருக்கு. இங்கிலீஷ்காரனுக்கு அது டேபிள், அதாவது கட்டம் போட்டுக் கண்ணால பாக்கற அட்டவணை. நமக்கு அது வாயால சொல்றது. யாப்பிலக்கணத்துலயும் தேமா, புளிமாவுக்கு வாய்பாடுன்னுதான் பேரு. செய்யுளும் கணக்கும் ஒரே ஜாதி நமக்கு, ரெண்டும் சொல்லிச் சொல்லி வர்றது.

திண்ணைப் பள்ளிக்கூடத்துல கணக்குக்குப் பாடநூல் எண்சுவடி. நெல்லிலக்கம்னு ஒரு பகுதி, அளவைகள். அஞ்சு செவிடு ஒரு ஆழாக்கு, ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, அப்புறம் பதக்கு, தூணி, கலம். பொன்னிலக்கம்னு இன்னொண்ணு. நிலம் அளக்கறதுக்குக் குழிமாத்து. இதுபோக முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் பெருக்கல் வாய்பாடுகள். சுவடின்னு பேரு இருந்தாலும், பையன் கையில வெச்சுப் படிக்கற புத்தகம்னு நினைச்சுக்காதீங்க. சட்டாம்பிள்ளை சொல்வான், மத்தவங்க திருப்பிச் சொல்வாங்க, சொல்லிக்கிட்டே மணல்ல எழுதுவாங்க. காது, வாய், விரல் மூணுக்கும் ஒரே நேரத்துல வேலை.

இதுல எனக்குப் பெரிய ஆச்சரியம் பின்னச் சொற்கள்தான். மா என்பது இருபதில் ஒண்ணு. காணி எண்பதில் ஒண்ணு. முந்திரி முந்நூத்தியிருபதில் ஒண்ணு. சரி, மாகாணின்னா? மாவும் காணியும் கூட்டிப் பாருங்க. எண்பதில் நாலும் எண்பதில் ஒண்ணும் சேர்ந்தா எண்பதில் அஞ்சு, அதாவது பதினாறில் ஒண்ணு. வீசம்னும் அதையே சொல்றோம். சொல்லுக்குள்ளயே கூட்டல் கணக்கு முடிஞ்சு கெடக்கு! அரைக்கால்னா காலில் அரை, எட்டில் ஒண்ணு. விடை தெரியாட்டி சொல்லைப் பிரிச்சாப் போதும். "முக்காலே மூணு வீசம் பேருக்கு இதெல்லாம் தெரியாது"ன்னு நாம இன்னிக்கும் பேசறோமே, அது பதினாறுல பதினஞ்சு பேர். போட்டுப் பாருங்க, சரியா வரும்.

என்ற அப்பாரு (அப்பாவோட அப்பாங்க, கொங்குக்கு வெளிய இருக்கறவங்களுக்காகச் சொல்றேன்) ஊர் மாரியம்மன் கோயில் திண்ணையில ரெண்டு வருஷம் படிச்சவரு. அதுக்கு மேல படிப்பு இல்லை. ஆனா பருத்தி யாவாரத்துல அவரைக் கணக்குல யாராலயும் ஏமாத்த முடியாது. சின்ன வயசுல நாங்க பேனாவும் பேப்பருமா உக்காந்து அவருக்குப் பரீட்சை வெப்போம். மணங்கு அஞ்சே முக்கால் ரூபாய்னா மூணரை மணங்கு எவ்வளவு? கண்ணை மூடுவாரு. உதடு மட்டும் அசையும். "மூணஞ்சு பதினஞ்சு. மூணு முக்கால் ரெண்டேகால். அரை அஞ்சு ரெண்டரை. அரை முக்கால் காலே அரைக்கால். இருபதே அரைக்கால்டா, இருபது ரூபாய் ரெண்டணா." நாங்க பேப்பர்ல இன்னும் புள்ளி வெச்சுப் பெருக்கிட்டே இருப்போம் :-)

அந்த உதட்டசைவை நான் மறக்கவே இல்லை. கணக்கு அவருக்குக் கண்ணுல இல்லை, நாக்குல இருந்துச்சு.

இந்த வகைப் படிப்பை வெறும் கிளிப்பிள்ளைப் பாடம்னு அப்பவே வெள்ளைக்கார அதிகாரிகளும் பாதிரிமாரும் திட்டித் தீர்த்திருக்காங்க. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு திண்ணைப் பள்ளிக் கணக்கைப் பத்தி ரொம்ப காலம் ஆராய்ச்சி பண்ணி, 2022ல ஆங்கிலத்துல ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்காரு. நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் அவரோட வாதம், அங்க மனப்பாடம்கறது புரியாம உருப்போடறது இல்லை, அதுவே கத்துக்கற ஒரு முறைங்கறது. அப்பாருவைப் பார்த்த எனக்கு அதை நம்பறதுல சிரமமே இல்லை. ஒரு பேரை வாய் சரளமாச் சொன்னாத்தான் அதைத் தூக்கி இன்னொண்ணோட கோக்க முடியும்.

சொல்லைப் பழக்கறதுக்கு இன்னொரு வித்தையும் வெச்சிருந்தாங்க. உ.வே.சா. 'என் சரித்திரம்'ல தன்னோட திண்ணைப் பள்ளியைப் பத்தி எழுதியிருக்காரு. சாயங்காலம் பையன்களை வீட்டுக்கு அனுப்பறப்போ வாத்தியார் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு ஊர்னு பேர் சொல்லி அனுப்புவாராம். மறக்காம வெச்சிருந்து மறுநாள் வந்து சொல்லணும். அக்காவோட "ஒரு நாளைக்கு ஒரு சொல்" வேற என்னவாம்? அக்கா அந்தப் புத்தகத்தைப் படிச்சதில்லை, கேட்டுட்டேன்.

கோயமுத்தூரு ஜில்லாவுல இப்படி எத்தனை பள்ளிக்கூடம் இருந்துச்சு? அதுக்குக் கணக்கு இருக்கு. 1822ல சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ எல்லாக் கலெக்டர்கிட்டயும் பள்ளிக் கணக்குக் கேட்டாரு. அப்ப இங்க கலெக்டர் ஜான் சல்லிவன், அதாங்க, ஊட்டியைக் கண்டுபிடிச்சாருன்னு சொல்றோமே, அவரேதான். அவர் அனுப்பின கணக்குல 763 பள்ளிக்கூடம், 8,206 மாணவர்கள். வகுத்துப் பாருங்க, பள்ளிக்குப் பத்துப் பதினோரு பையன்தான். சின்னச் சின்னத் திண்ணைகள். இந்த அறிக்கைகளைத் தொகுத்து தரம்பால் 1983ல புத்தகமாக் கொண்டு வந்தாரு. பிற்பாடு 1995ல அதை மறுபதிப்புப் போட்டதும் நம்ம கோயமுத்தூர்ப் பதிப்பகம்தான்.

இந்த எடத்துல ஒரு பிரேக் போடறேன். "ஆகா, அந்தக் காலம் பொற்காலம்"னு நான் எழுத வரலை. அந்த எட்டாயிரத்துச் சொச்சத்துல பொண்ணுங்க மிகக் கொஞ்சம். தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கினவங்க புள்ளைங்களுக்கு அந்தத் திண்ணையில பெரும்பாலும் எடமே இல்லை. உள்ள போனவனுக்கும் சும்மா இல்லை, கயித்துல தொங்கவிடற கோதண்டம் வரைக்கும் தண்டனை இருந்துச்சு. அக்கா வகுப்புல பாதிக்கு மேல பொண்ணுங்க, அருந்ததியர் தெருப் புள்ளைங்க, தறி ஓட்டறவங்க புள்ளைங்க. 1822ல இவங்கள்ல முக்காலே மூணு வீசம் பேர் வெளியதான் நின்னிருப்பாங்க. பழமை பேசறதுன்னா இதையும் சேர்த்துத்தான் பேசணும்.

புள்ளையே புள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கற இந்த முறை கப்பலேறினது ஒரு வேடிக்கையான கதை. ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரி. 1789ல சென்னை எழும்பூர்ல ராணுவத்தார் அனாதைப் பசங்களுக்கான விடுதிப் பள்ளியை ஏத்துக்கிட்டாரு. இங்க நம்ம பசங்க மணல்ல எழுதிப் படிக்கறதைப் பார்த்து, தன் பள்ளியிலயும் அதைக் கொண்டாந்தாரு. வாத்தியார்கள் முரண்டு பிடிக்க, எட்டு வயசுப் பையன் ஒருத்தனையே சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்க விட்டாரு. ஊருக்குத் திரும்பி 1797ல அதைப் புத்தகமா எழுத, அது இங்கிலாந்துல 'மெட்ராஸ் முறை'ன்னு பரவிருச்சு. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல அவர் காசுல வந்த மெட்ராஸ் காலேஜ்ங்கற பள்ளிக்கூடம் இன்னிக்கும் இருக்கு. நம்ம சட்டாம்பிள்ளை அங்க போய் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டான்.

இங்க என்னாச்சு? திண்ணை போய் பெஞ்சு வந்துச்சு, மணல் போய் சிலேட்டு வந்துச்சு. 1957 ஏப்ரல்ல நயா பைசா, அதைத் தொட்டு மெட்ரிக் அளவைகள். வீசமும் முந்திரியும் சந்தையை விட்டே போயிருச்சு. ஆனா அதைவிடப் பெரிய சிக்கல் அதுக்கு முன்னாடியே ஆரம்பமாயிருந்துச்சு. புதுக் கணக்குக்குச் சொல் எங்க?

யாழ்ப்பாணத்துக்காரங்க இதுல நமக்கு முன்னோடி. கறோல் விசுவநாதபிள்ளை 1855லயே வீசகணிதம்னு அல்ஜீப்ராவைத் தமிழ்ல நூலாப் போட்டுட்டாரு. நம்ம பக்கம் கொஞ்சம் லேட்டு, ஆனா வந்தப்ப கொங்குலருந்துதான் வந்துச்சு. 1916ல சேலத்துல வக்கீலா இருந்த ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து அறிவியல் சொற்களைத் தமிழ்ல ஆக்கறதுக்குன்னே ஒரு சங்கம் வெச்சாங்க, பத்திரிகையும் நடத்தினாங்க. பாரதியார் அதைப் பார்த்து எழுதினாரு. ஒரு ஜில்லா ஊர்ல, வக்கீல் வேலைக்கு நடுவுல, ஒரு கலைச்சொல் பட்டியல்! அப்புறம் வடமொழியா தனித்தமிழான்னு இருபது முப்பது வருஷம் குஸ்தி. பீஜகணிதமா இருந்தது இயற்கணிதமாச்சு, க்ஷேத்திரகணிதமா இருந்தது வடிவகணிதமாகி வடிவியலாச்சு. இலங்கையில இன்னிக்கும் அட்சரகணிதம், கேத்திரகணிதம்தான். நாம மீச்சிறு பொது மடங்குங்கறதை அங்க பொது மடங்குகளுட் சிறியதுங்கறாங்க. ரெண்டு ஊர்த் தமிழ்ப் புள்ளைங்களைச் சேர்த்து உக்காரவெச்சா மொழிபெயர்ப்பாளர் வேணும்.

கோயமுத்தூர்ல 1948லருந்து ஜி.ஆர். தாமோதரன் கலைக்கதிர் நடத்தினாரு. பிஎஸ்ஜி டெக் 1951ல ஆரம்பிச்சப்ப அதுக்கு முதல் முதல்வரா இருந்தவரும் அவரேதான். பகல்ல இங்கிலீஷ்ல இன்ஜினீயரிங், மாசாமாசம் தமிழ்ல அறிவியல் பத்திரிகை. எங்க ஊர் நூலகத்துல பழைய கலைக்கதிர் கட்டு ஒண்ணு கெடந்துச்சு. பாதி புரியாது, ஆனா புரட்டறதுல ஒரு பெருமை. 1960ல கல்லூரியில தமிழ்வழி வேணும்னு அரசு முடிவு பண்ணினப்ப, மொத மொதல்ல சோதனை பண்ணினது எங்க தெரியுங்களா? கோவை அரசு கலைக் கல்லூரியில. கல்வி அமைச்சர் பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்துக்காரரு, சி. சுப்பிரமணியம். ஆனா ஆரம்பிச்சது வரலாறு, பொருளாதாரம் மாதிரி கலைப் பாடங்கள்தான். கணக்கு, அறிவியலெல்லாம் பின்னாடிதான். இன்ஜினீயரிங் தமிழ்வழிக்கு 2010 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு.

ஆக சொல்லுக்குப் பஞ்சமில்லை. குழு குழுவா உக்காந்து ஆக்கியிருக்காங்க, நல்லாவும் ஆக்கியிருக்காங்க. ஆனா எல்லாம் எழுதின சொல். கண்ணுக்கு ஆன சொல். வாய்க்கு வரலை. இதுதான் என்னோட ஆதங்கம், யாராச்சும் மறுத்தா கேட்டுக்கறேன்.

சொந்தக் கதை ஒண்ணு சொல்றேன். நான் பன்னண்டாவது வரை தமிழ்வழி. கணக்குல நல்ல மார்க்கு. கோவையில ஒரு கல்லூரியில சேர்ந்தேன், பேரு எதுக்கு. மொத வாரம் வாத்தியார் போர்டுல ஒரு வட்டம் போட்டு, அதைத் தொட்டுட்டுப் போற மாதிரி ஒரு கோடு இழுத்து, என்னை எழுப்பி விட்டு "வாட் இஸ் திஸ்?"னாரு. எனக்கு அது தொடுகோடுன்னு தெரியும். அதை வெச்சு நாலு தேற்றம் நிறுவத் தெரியும். "டேன்ஜென்ட்"ங்கற சத்தம் மட்டும் தெரியாது. சரி தமிழ்லயாச்சும் சொல்லலாம்னா, தொடுகோடுங்கற சொல்லை என்ற வாயால நான் ஒரு தடவை கூடச் சொன்னதே இல்லைங்கறது அந்த நிமிஷம்தான் உறைச்சுது. பன்னண்டு வருஷம் எழுதியிருக்கேன், படிச்சிருக்கேன், பேசினதில்லை. ரெண்டு மொழியும் தெரிஞ்சும் ஊமையா நின்னேன். பின்வரிசையில யாரோ சிரிச்சாங்க. அன்னைக்கு உக்காந்தவன், அந்த வருஷம் முழுக்க அந்த வகுப்புல வாயே திறக்கலை. கணக்குப் பாடமே எடுத்துப் படிக்கணும்னு ஆசைப்பட்டவன், கடைசியில வேற பக்கம் போயிட்டேன். இப்ப அதுக்கு அழுது என்ன ஆகப்போவுது, விடுங்க.

ஹாலிடேன்னு ஒரு மொழியியல் அறிஞர், 1974ல நைரோபியில யுனெஸ்கோ நடத்தின கூட்டத்துல இதைத்தான் பேசினாரு. கணக்குக்குன்னு ஒரு தனிப் பேச்சு உண்டு, சாதாரணச் சொற்களே அங்க வேற அர்த்தத்துல வரும், அந்தப் பேச்சு ஒவ்வொரு மொழியிலயும் வளரணும்னு. அர்த்தம் மாறி வர்ற சொல்லுக்கு நம்மகிட்டயா பஞ்சம்? விட்டம்னா வட்டத்துக்கு நடுவுல போற கோடு, வீட்டு உத்தரமும் விட்டம். நாண்னா வில்லுல கட்டறதும்தான். பகுதி, தொகுதி ரெண்டும் எலெக்‌ஷன் வார்த்தை. கர்ணம்னா செங்கோண முக்கோணத்துல நீளமான பக்கம். ஆனா எங்க அப்பாருவுக்கு அது ஊர்க் கணக்கு எழுதற ஆளு. 1980ல எம்ஜிஆர் அந்தப் பதவியை ஒழிச்சப்புறம் முக்கோணத்துல மட்டும் பாக்கி இருக்காரு.

சரி, அக்கா போனுக்கு வர்றேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சது, சோத்துக்கு எந்திரிக்கவே இல்லை, கேட்டுட்டே உக்காந்துட்டோம்.

ஒரு பொண்ணு. ஏழாவது. பின்னாடி தறிச் சத்தம் தடதடன்னு கேக்குது. அதுக்கு மேல கத்தறா. "வணக்கமுங் டீச்சர். இன்னிக்குச் சொல்லு விட்டமுங். எங்கூட்டுல மேல பாத்தீங்கன்னா இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுத்துக்கு ஒரு மரம் போவுது. அதுக்கும் விட்டந்தான் பேரு. ஆனா ஊடு சதுரமுங். வட்டமா ஒரு ஊடு இருந்தா, நட்ட நடுவால போற மரந்தானுங் விட்டம். நடுவால போவுலீன்னா அது நாணுங்." அவ்வளவுதான், போன் கட். வட்டமான வீடு! எந்தப் பாடநூல் ஆசிரியருக்கு வரும் இந்தக் கற்பனை?

இன்னொரு பையன் முகடு சொல்றான். புள்ளியியல்ல அதிகமா வர்ற எண்ணு. "எங்க தெருவுல மூணு ஊட்டுல ரெண்டு புள்ளைங், அஞ்சு ஊட்டுல ஒரு புள்ளை, ஒரு ஊட்டுல நாலு. அப்ப முகடு ஒண்ணுங், அஞ்சு இல்லீங். நான் மொதல்ல அஞ்சுன்னுதான் நெனச்சேன், என்ற தங்கச்சி திட்டுனா." முகடுல பரீட்சை எழுதற முக்கால்வாசிப் பேர் பண்ற தப்பு இது. எத்தனை தடவை வந்துதுங்கறதையும் எது வந்துதுங்கறதையும் குழப்பிக்கறது. வாய்விட்டுச் சொன்னதால பக்கத்துல இருந்த தங்கச்சி காதுல விழுந்துச்சு, திட்டினா, திருந்துச்சு. பேப்பர்ல எழுதியிருந்தா யார் பார்த்திருப்பாங்க?

எல்லாமே இப்படி ஜோரா இருக்கலை. நெறைய, புத்தகத்து வரியை அப்படியே கடகடன்னு ஒப்பிச்சது. சிலதுல அம்மா பின்னாடி இருந்து எடுத்துக் கொடுக்கறது கேக்குது. "தொகுதின்னா எம்எல்ஏ ஜெயிக்கறது டீச்சர்"னு ஒருத்தன். ஒரு பொண்ணு, அருமையாப் பேசிட்டிருந்தவ, ஜனவரிக்கு அப்புறம் காணோம். கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் பேசலை. "மில்லு வேலைக்குப் போயிருச்சு கண்ணு. பள்ளிக்கூடம் தொறந்தும் வரலை. நாலு நடை போய்ப் பாத்தேன்"னாங்க. அந்தப் பொண்ணோட கடைசிக் கோப்பு, சராசரி. நல்லாவே சொல்லியிருந்தா.

வாய்விட்டுச் சொல்லாத கணக்கும் நம்ம ஊர்ல உண்டுங்கறது இங்க ஞாபகம் வந்துச்சு. மாட்டுச் சந்தையில துண்டுக்கு அடியில விரலைப் புடிச்சு விலை பேசுவாங்களே, அது. பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியக்கூடாதுன்னு பண்றது. அதுக்கு நேரெதிர் களத்துல நெல் அளக்கறது. ஊருக்கே கேக்கற மாதிரி, ஒண்ணுன்னு சொல்லாம "லாபம்"னு ஆரம்பிச்சு, ரெண்டு, மூணுன்னு ராகம் போட்டு எண்ணுவாங்க. கணக்கு வகுப்பு எந்தப் பக்கம் இருக்கணும்னு உங்களுக்கே தெரியும்.

கடைசியாக் கேட்ட ஒண்ணைச் சொல்லிட்டு நிறுத்தறேன். ஒரு பீகார்ப் பையன், அப்பா அம்மா ரெண்டு பேரும் மில்லுல. ஆறாவது. வகுப்புல வாயே திறக்காதவனாம், தமிழ் தடுமாறும். அக்கா அவனுக்குக் கொடுத்த சொல் பின்னம். முதல் ரெண்டு நாள் அனுப்பவே இல்லை. மூணாவது நாள் ராத்திரி பதினோரு மணிக்கு வந்திருக்கு, அப்பா வேலை முடிஞ்சு போனோட வந்தப்புறம்.

மெதுவாப் பேசறான். "டீச்சர், கால், எங்க வீட்ல பாவ். அரை, ஆதா. ஒண்ணேகால், சவா. ஒண்ணரை, டேட். ரெண்டரை, டாயி." கொஞ்சம் நிறுத்தறான். யாரோ வயசான ஆம்பளைக் குரல் பக்கத்துல இந்தியில ஏதோ சொல்லுது. பையன் சிரிக்கறான். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து, தாளம் போட்டு, டேட் வாய்பாடு சொல்றாங்க, ஒண்ணரை, மூணு, நாலரை, ஆறுன்னு இந்தியில. அவங்க ஊர்லயும் அந்தக் காலத்துல பின்னத்துக்கு வாய்பாடு இருந்திருக்கு. தாத்தா போலிருக்கு, நாக்குல அப்படியே நிக்குது.

முடிச்சுட்டு அவன் தமிழ்ல கேக்கறான்: "டீச்சர், இது மாதிரி தமிழ்ல இருக்கா?"

அதுக்கு அக்கா அனுப்பின பதிலும் கீழயே இருந்துச்சு. போட்டுப் பார்த்தேன். அக்கா தொண்டையைச் செருமிக்கிட்டு, எங்க அப்பாரு ராகத்துலயே அரை வாய்பாடு சொல்றாங்க. எட்டாவது வரியில தடுமாறி, "இரு கண்ணு, மறுபடியும் சொல்றேன்"னு முதல்லருந்து ஆரம்பிக்கறாங்க.

எல்லாத்தையும் ஒரு ஹார்டு டிஸ்குல ஏத்திக் கொடுத்துட்டு வந்திருக்கேன்.